ஜடேஜா அவுட்டாகணும்

2025 மார்ச் 23 ராத்திரி. விக்கிரமங்கலத்தில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் ஒரு போனைச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். சேப்பாக்கத்தில் மும்பையோடு சிஎஸ்கேவின் முதல் மேட்ச். ஜெயிக்க இன்னும் நாலே ரன் வேணும் என்கிறபோது ஜடேஜா ரன் அவுட் ஆனார். ஆறு பேரும் எழுந்து கத்தினோம். போனுக்குள் சேப்பாக்கமே கத்தியது.

உள்ளே படுத்திருந்த அப்பாயி, "என்னடா, ஜெயிச்சிட்டீங்களா?" என்றார்.

"இல்ல அப்பாயி, நம்ம ஆளு அவுட்டு."

"அதுக்கு ஏன்டா கத்துறீங்க?"

அடுத்து தோனி வருவார், அதனால்தான் என்று சொன்னோம். அவருக்குப் புரியவில்லை. தோனி இரண்டு பந்தைச் சந்தித்தார், ரன் இல்லை. கடைசி ஓவரின் முதல் பந்தில் ரச்சின் சிக்ஸ் அடித்து முடித்துவிட்டார். எங்களுக்கு அந்த இரண்டு பந்தே போதுமாக இருந்தது.

நம்ம அணியில் ஒருத்தன் விழணும் என்று ஆசைப்படுவது தப்பா? திண்ணையில் இதைக் கேட்டால் உதைப்பார்கள். நாம ஆசைப்பட்டா அவன் அவுட்டாகிறான்? விக்கிரமங்கலத்தில் நினைப்பது சேப்பாக்கத்துப் பந்தைத் திருப்பாது. அதோடு தோனிக்கு 43 வயசு, முட்டி சரியில்லை, முழுசாகப் பத்து ஓவர் ஆட முடியாது என்று கோச் ஃபிளெமிங்கே அந்த மாசம் சொன்னார். ஒவ்வொரு இன்னிங்ஸும் கடைசியாக இருக்கலாம். ஊரை விட்டுப் போகிறவரை வாசலில் நின்று பார்க்க நினைப்பது போலத்தான் இதுவும். இந்த நியாயத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். காதலுக்குக் கெடு வைத்தால் நாகரிகம் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

ஆனால் மைதானத்தில் இருப்பவர்களின் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் ஜடேஜா நடந்து வருகிறார். 2023ல் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார், நான் மேலே இறங்கினால் எப்போ அவுட்டாவேன் என்று காத்திருப்பார்கள் என்று. எல்லாரும் சிரித்தோம்.

எனக்கு அந்த நடை தெரியும். பத்தொன்பது வயசில், பொங்கலுக்கு ஏரிக்குள்ளே நடந்த டென்னிஸ் பால் டோர்னமென்டில் எங்க ஊர் டீமுக்கு ஒன் டவுன் நான். தட்டித் தட்டி ஆடுறவன். அடுத்து இறங்க வேண்டியவன் சிக்ஸ் அடிக்கிறவன், அவனுக்காகத்தான் பாதிக் கூட்டம் கரையில் உட்கார்ந்திருந்தது. ஸ்டம்ப் பறந்தபோது விசில் கேட்டது. எதிர் டீம் என்று நினைத்துத் திரும்பினேன், எங்க பசங்க. கோபம் வரவில்லை. அதுதான் இன்று வரைக்கும் உறுத்துகிறது. அவர்கள் சொல்வது சரி என்று எனக்கே தோன்றியது. அவன் வந்தான், அடித்தான், ஜெயித்தோம், அவனைத் தூக்கியபோது நானும் ஒரு காலைப் பிடித்திருந்தேன். வீட்டில் அம்மா, "நீ எவ்வளவு அடிச்ச?" என்று மட்டும் கேட்டாள்.

அப்படிப்பட்ட நான்தான் மார்ச் 23ல் எழுந்து கத்தினேன். கத்தி முடித்து உட்காரும்போதுகூட ஏரி ஞாபகத்துக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் கேட்டதெல்லாம் கிடைத்தது. மார்ச் 28ல் பெங்களூரிடம் 50 ரன்னில் தோல்வி. 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் அவர்கள் ஜெயித்தது அன்றுதான். தோனி அஸ்வினுக்கும் பிறகு ஒன்பதாவதாக வந்து 16 பந்தில் 30 அடித்தார். ஏன் இவ்வளவு லேட்டாக வந்தார் என்று எல்லாரும் திட்டினோம். சீக்கிரம் வரணும் என்றால் சீக்கிரம் விழ வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. குவாஹாட்டியில் 6 ரன்னில் தோல்வி. ஏப்ரல் 5, டெல்லியுடன் சேப்பாக்கத்தில் அந்த எண்ணிக்கை சரியாக அமைந்தது. 74 ரன்னுக்கு ஐந்து விக்கெட், பதினோராவது ஓவரிலேயே தோனி. அவருடைய அப்பா அம்மா வேறு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது ஓவருக்கு மேல் அவரைப் பார்க்கலாம்! 26 பந்தில் 30. எதிர்ப்பக்கம் விஜய் சங்கர் 54 பந்தில் 69. 25 ரன்னில் தோற்றோம். திண்ணையில் பாதியிலேயே இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

அணி எவ்வளவு மோசமாக ஆடுகிறதோ அவ்வளவு சீக்கிரம் அவர் வருவார். இந்தக் கணக்கை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் வருஷக்கணக்கில் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தோம். 'நாம' என்று சொல்லிக்கொண்டே, அந்த 'நாம'வில் பத்துப் பேரைத் தடுப்பாக நினைத்தோம். பஞ்சாபிடமும் தோற்றோம். ஏப்ரல் 11ல் 103 ரன். கொல்கத்தா அதை 10.1 ஓவரில் முடித்தது. சிஎஸ்கே தொடர்ந்து ஐந்து மேட்ச் தோற்றது அதுதான் முதல் முறை. அன்றைக்குக் கேப்டன் தோனி. ருதுராஜுக்கு முழங்கையில் அடி. ஏப்ரல் 14 லக்னோவில் தோனி 11 பந்தில் 26 அடித்து ஜெயித்ததும் அத்தனையையும் மறந்து பட்டாசு வெடித்தோம், அது வேறு கதை. சீசன் முடிந்தபோது பத்தாவது இடம்.

2023 பைனலில் தோனி முதல் பந்திலேயே அவுட். கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேணும், மோகித் சர்மா போட்டார், ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். தோனி அவரைத் தூக்கிக்கொண்ட படம் எங்க தெருவில் பாதிப் பேர் போனில் வால்பேப்பராக இருந்தது. அதே போனைத்தான் செம்பில் சாய்த்து வைத்திருந்தோம்.

2025 நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். மார்ச்சில் எங்களில் சத்தமாகக் கத்தினவன்தான் முதலில் அழுகிற எமோஜியோடு ஸ்டேட்டஸ் வைத்தான். பொய் என்று சொல்ல மாட்டேன், நிஜமாகவே அழுதிருப்பான். "அடுத்த வருஷம் ஜட்டு எதிர்ல ஆடுவார்டா, அவுட்டானா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"கத்துவேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா தோனி வர மாட்டாரே" என்றான்.