வெப்பநிலை வேறுபாடு

வெந்நீரும் தண்ணீரும் அருகருகே இருப்பின், அவற்றிடையே உள்ள வெப்பநிலை வேறுபாட்டை ஜப்பானியர் 'ஒந்தோஸா' என்பர். பௌதிக நூலுக்குரிய இச்சொல் அந்நாட்டு அன்றாடப் பேச்சில் வேறொரு பொருளும் பெற்றுள்ளது. ஒரே செய்தியைக் குறித்து ஒருவர் உள்ளம் கொதிக்க, மற்றவர் உள்ளம் குளிர்ந்து கிடக்குமாயின், அவ்விடைவெளியும் 'ஒந்தோஸா'வே.

ஒகினாவாத் தீவுகளைப் பற்றிய பேச்சில் இச்சொல் அடிக்கடி வருகிறது. ஜப்பானின் நிலப்பரப்பில் அத்தீவுகள் நூற்றுக்கு 0.6 பங்கே. ஆயினும், அந்நாட்டில் அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட நிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு அங்கேதான் உள்ளது. ஹெனோக்கோவில் கடலைத் தூர்த்துப் புதிய தளம் அமைப்பது குறித்து 2019 பிப்ரவரியில் ஒகினாவா மக்களின் கருத்து வாக்கெடுப்பால் அறியப்பட்டது. வாக்களித்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர் வேண்டாமென்றனர். அதன் பின்னரும் பணி தொடர்ந்தது. பெருந்தீவுகளில் வாழ்வோர் பலருக்கு இது தொலைவிலுள்ள செய்தி. இந்நிலையையே 'வெப்பநிலை வேறுபாடு' என்று கூறி அமைகின்றனர்.

அநீதியை வேறுபாடு என்று அழைப்பது அறமாகுமா? வெயிலுக்கும் குளிருக்கும் எவரும் பொறுப்பாளியல்லர். சுமை ஏற்றியவர், சுமப்பவர் என்னும் இரு திறத்தாரும் இச்சொல்லில் மறைகின்றனர். சூடானவர், குளிர்ந்தவர் என்போரே எஞ்சுகின்றனர். சூடானவரே அளவு மீறியவர் போலவும் தோன்றுகின்றனர். ஆதலின் ஒகினாவாவில் பலர் இச்சொல்லை விடுத்துப் 'பாகுபாடு' என்றே கூறுகின்றனர்.

வேறுபாடு நீங்கினால் போதும் என்பாரும் உளர். ஒரு குவளை வெந்நீரைக் குளத்தில் ஊற்றிப் பார்ப்போம். குளம் சூடாவதில்லை; வெந்நீரே குளிர்கிறது. சிலருடைய துயரமும் பலர் நடுவே இவ்வாறு ஆறிப்போகக்கூடும். அப்போது வேறுபாடு ஒழிந்தது, அநீதி ஒழிந்ததா? சுமை இறங்காமலே குரல் மட்டும் அடங்குவதை அமைதி என்று நாம் கொள்ளலாகாது.

ஆனால் மனிதன் குவளை நீரல்லன். நினைவினால் தன் வெப்பத்தைக் காக்க வல்லவன். கேட்கும் செவியினால் பிறர் வெப்பத்தை ஏற்கவும் வல்லவன். ஆகவே, 'இவர் ஏன் இவ்வளவு கொதிக்கிறார்?' என்று வினவுமுன், 'இவர் சுமையில் நமது பங்கு யாது?' என்று வினவுதல் நம் கடன். பிறர் துயர் கேட்டும் நம் உள்ளம் குளிர்ந்தே இருக்குமாயின், அதனை நடுநிலைமை என்று எண்ணி மகிழ வேண்டா. அச்சுமை நம் தோளில் இல்லை என்பதற்கே அது சான்று.