குற்றக் கூண்டில் யார்?

ஆள்கின்றவர்களைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது நம் நாட்டில் இப்போது அதிசயமான செய்தியன்று. முன்னாள் பிரதமர் நஜீப் ரசாக் அவர்கள் எஸ்.ஆர்.சி. வழக்கில் 2020 ஜூலை 28-ல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டதும், 2022 ஆகஸ்ட் 23-ல் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிப்படுத்த, அன்றே அவர் காஜாங் சிறைக்குச் சென்றதும் யாவரும் அறிந்ததே. நமது கேமரன் மலைத் தொகுதியிலேயே 2018 பொதுத் தேர்தலின் முடிவை, வாக்காளருக்குப் பணம் கொடுக்கப்பட்ட காரணத்தால், தேர்தல் நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பர் 30-ல் செல்லாதென்று தள்ளிற்று. 2019 ஜனவரி 26-ல் நாம் மறுபடியும் வரிசையில் நின்று வோட்டுப் போட்டோம். இவையெல்லாம் பண விவகாரம். பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதைப் பேரேடு சொல்லிவிடும். கடை வைத்திருக்கும் நமக்கு இவ்வகைக் குற்றம் விளங்குவதில் சிரமமில்லை.

ஆனால், ஒருவரும் ஒரு காசும் வாங்காமலே உயிர்கள் போய்விடுகின்ற சந்தர்ப்பங்களும் உண்டு. நிபுணர் சொன்னதை ஆள்வோர் காதில் வாங்காமல் விட்டிருப்பர். அல்லது ஆள்வோர் கேட்க விரும்பியதையே நிபுணர் சொல்லியிருப்பார். அங்கே கூண்டில் நிற்க வேண்டியவர் யார்? மதரஸாவும் ஆரம்பப் பாடசாலையும் தவிர வேறு படிப்பில்லாத நாம் இதற்குள் புகலாமா என்று சிலர் கேட்கக்கூடும். வெள்ளம் வந்தால் பட்டதாரி வீட்டில் மட்டுமா புகுகிறது? ஆகவே நாமும் புகலாம்.

ரிங்லெட் ஏரியை நம் வாசகர்களுக்கு நாம் வர்ணிக்க வேண்டியதில்லை. தாப்பாவிலிருந்து சரக்கு ஏற்றி வரும் லோரிகள் அதன் கரையைத் தொட்டுக்கொண்டுதான் தானா ராத்தாவுக்கு ஏறுகின்றன. அந்த ஏரி இயற்கையாக உண்டானதன்று. மின்சாரத்துக்காகப் பெர்தாம் ஆற்றைத் தடுத்துக் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணை 1963 வாக்கில் முடிந்தபோது தேங்கிய நீர் அது. அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியே நீர் பேராக் பக்கம் இறங்கி, பூமிக்குள் அமைந்த சுல்தான் யூசுப் மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. கட்டியவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். ஆற்றோடு ஆண்டுக்கு இவ்வளவு மண் வரும், ஏரி இத்தனை காலம் தாங்கும் என்று போட்டுத்தான் வைத்தார்கள். மலை அப்படியே இருக்கும் என்று நினைத்துப் போட்ட கணக்கு அது.

மலை அப்படியே இருக்கவில்லை. 1929-ல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தையும் அதன் கூட்டத்தையும் பாருங்கள். காட்டை அழித்துத்தான் அங்கும் செடி வைத்தார்கள், அதை மறைப்பதற்கில்லை. எனினும் தேயிலைச் செடி ஒருமுறை வேரூன்றினால் பல பத்தாண்டுகள் சரிவைப் பற்றிக்கொண்டு நிற்கும். தட்டையாய் வெட்டிய செடிகள் ஒன்றோடொன்று கூடி மழைத்துளியைத் தாங்கிக்கொள்ளும். காய்கறி அப்படியல்ல. ஆண்டுக்குச் சில முறை மண்ணைக் கிளற வேண்டும். சரிவை யந்திரத்தால் வெட்டித் தட்டாக்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் கூரை போட்டால் மண் குடிக்க வேண்டிய மழைநீர் முழுவதும் கால்வாயில் பாய்ந்து, போகிற வழியில் கரையை அறுத்துக்கொண்டு போகும். இதை மண்ணாராய்ச்சிக்காரர்களும் அணையைப் பராமரிப்பவர்களும் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். ஏரியின் கொள்ளளவில் பாதியளவு சேறாகிவிட்டதும் இரகசியமல்ல. மழைக்கு மறுநாள் பெர்தாம் ஆற்றைப் பார்த்தவன் பால் கலந்த தேநீரைத்தான் பார்த்தான். அதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

2013 அக்டோபர் 23, நள்ளிரவு கழிந்த நேரம். கனமழையால் ஏரி நிரம்பி, அணையின் மதகு திறக்கப்பட்டது. கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் சேறும் நீரும் வீடுகளுக்குள் புகுந்தன. குறைந்தது மூன்று உயிர்கள் போயின. பல வீடுகளும் வாகனங்களும் அழிந்தன. திறக்காவிட்டால் அணைக்கே ஆபத்து என்பது தெனாகா நேஷனல் நிறுவனத்தின் விளக்கம். எச்சரிக்கை போதாது என்பது குடியிருந்தவர்களின் முறையீடு. அடுத்த ஆண்டே, 2014 நவம்பர் 5-ல், மறுபடியும் மண்சரிவும் வெள்ளமும் வந்து உயிர்களைக் கொண்டு போயின. பிறகுதான் அனுமதியின்றி மலையை வெட்டியவர்கள் மீது அதிகாரிகளின் கை பலமாக விழுந்தது.

இப்போது யோசியுங்கள். அந்த இரவில் மதகின் பக்கத்தில் நின்ற உத்தியோகஸ்தன் முன்னே இரண்டு வழிகள்தாம் இருந்தன, இரண்டும் கெட்ட வழி. மேலே ஒருவன் மலையை வெட்டினான். ஒருவன் தற்காலிக உரிமம் கொடுத்தான், அல்லது கொடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டான். ஆற்றோரம் வீடு கட்ட ஒருவன் விட்டான். பிளாஸ்டிக்கும் உரமும் கடனுக்குக் கொடுத்த வியாபாரி ஒருவன் இருந்தான்; அவன் நம் ஜமாஅத்தானாகவும் இருக்கலாம். பழி இத்தனை பேருக்குள் பங்காகும்போது ஒவ்வொருவன் பங்கும் அரைக்கால் படியாகி, எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கூட்டு வியாபாரத்தில் இப்படி நடக்க விடுவோமா? கடை நொடித்தால், என் பங்கு சிறிது என்று சொல்லிக் கடன்காரனிடம் ஒரு பங்காளி தப்ப முடியுமா?

இவ்விஷயத்தில் இத்தாலி தேசத்தாரின் அனுபவம் நமக்குப் பெரிய பாடம். நம் அணை முடிந்த அதே 1963-ல், அங்கே வயோந்த் என்னுமிடத்தில் 260 மீட்டருக்கு மேல் உயரமான ஓர் அணை இருந்தது. அக்டோபர் 9 இரவு, ஏரியின் பக்கத்து மலைச்சரிவு அப்படியே ஏரிக்குள் இறங்கிற்று. நீர் அணையைத் தாண்டி எழும்பி லோங்கரோனே முதலிய ஊர்களை அழித்தது. மாண்டவர்கள் 2,000 பேருக்குச் சற்றுக் குறைவு. அணைக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றும் நிற்கிறது. அந்த மலை பழைய சரிவுமலை என்பதை அணையை வடிவமைத்த பொறியாளரின் சொந்த மகனே, நிலவியல் படித்தவர், சில ஆண்டுகள் முன்பே கண்டு சொல்லியிருந்தார். 1960-ல் ஒரு சிறு சரிவும் விழுந்து காட்டிற்று. கம்பெனியார் என்ன செய்தார்கள்? சிறிய மாதிரி ஏரி ஒன்று கட்டிச் சரளைக் கற்களைச் சரிய விட்டுப் பார்த்து, நீர்மட்டம் 700 மீட்டருக்குள் இருந்தால் பயமில்லை என்ற பதிலைப் பெற்றார்கள். விபத்தன்று மட்டம் ஏறக்குறைய அதுதான். சரளைக்கல் மெதுவாய்ச் சரியும். மலை மெதுவாய்ச் சரியவில்லை.

இதில் நம் மனத்தைக் குத்துவது வேறொன்று. மலை சரியும் என்று ஊரார் அஞ்சுவதைப் பத்திரிகையில் எழுதிய தீனா மெர்லின் என்ற பெண்மணி மீது, பொய்ச் செய்தி பரப்பி அமைதியைக் குலைத்ததாகக் கிரிமினல் வழக்குப் போட்டார்கள். முதலில் கூண்டில் ஏறியவர் எச்சரித்தவர்தாம்! 1960-ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மூன்றாண்டு கழித்து மலை வந்தது. பிறகு பொறியாளர்கள் மீது வழக்கு நடந்து, 1971-ல் இருவருக்குத் தண்டனை உறுதியாயிற்று. மூத்தவருக்கு 5 ஆண்டு. அதிலும் 3 ஆண்டு மன்னிப்பில் கழிந்தது.

அந்த வழக்கு நடந்த நகரம் லாக்விலா. அதே நகரத்தில் 2009 ஏப்ரல் 6 விடியுமுன் பூகம்பம் வந்து 300 பேருக்கு மேல் இறந்தார்கள். மாதக்கணக்காகச் சிறு நடுக்கங்கள் இருந்தபடியால், ஆறு நாள் முன்னே, மார்ச் 31-ல் நிபுணர் குழு அங்கே கூடியது. ஜனங்களின் பயத்தைத் தணிப்பதே அக்கூட்டத்தின் நோக்கம் என்று துறைத் தலைவர் டெலிபோனில் பேசியது பின்னால் வெளிப்பட்டது. சிறு நடுக்கங்கள் பூமியின் வேகத்தைக் கழித்துவிடுகின்றன, ஆகையால் நல்லதே என்று துணைத் தலைவர் பெர்னார்டோ தே பெர்னார்தினிஸ் தொலைக்காட்சிக்குச் சொன்னார். அவ்வூர்ப் பெரியவர்களுக்கோ நடுக்கம் கண்டால் இரவை வெளியில் கழிக்கும் வழக்கம் உண்டு. இம்முறை பலர் வீட்டிலேயே படுத்தார்கள்.

2012 அக்டோபர் 22-ல் ஆறு நிபுணருக்கும் அந்த அதிகாரிக்குமாக ஏழு பேருக்கும் ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்லாத குற்றத்துக்குத் தண்டனையா என்று உலகமெங்கும் விஞ்ஞானிகள் கூக்குரலிட்டனர். இனி யார் அரசாங்கத்துக்கு யோசனை சொல்லத் துணிவார் என்று குழுத் தலைவர் பதவியைத் துறந்தார். 2014-ல் மேல்முறையீட்டில் ஆறு நிபுணரும் விடுதலையானார்கள். அதிகாரிக்கு மட்டும் 2 ஆண்டு என்று குறைத்தார்கள். 2015-ல் அதுவே உறுதியாயிற்று.

நாம் இந்தப் பின் தீர்ப்பையே சரியென்று கொள்கிறோம். முழு மனதோடு அல்ல. பூமிக்குள் நடப்பதை எவரும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. தெரியாததைச் சொல்லவில்லை என்று ஒருவனைச் சிறையில் அடைப்பது அநியாயம். நம் பிக்ஹு நூல்களிலும் வைத்தியன் விஷயத்தில் இப்பிரிவு உண்டல்லவா? தொழில் தெரிந்தவன், அனுமதி பெற்று, முறைப்படி மருந்து கொடுத்தும் நோயாளி இறந்தால் அவன் மேல் பொறுப்பில்லை. தெரியாமல் தெரிந்தவன் போல் நடித்தவன் நஷ்டத்துக்கு ஜவாப்தாரி. பயமில்லை என்று நிச்சயமாகச் சொன்ன அதிகாரி இரண்டாவது வகை. ஆனால் தன் பெயரால் அப்படிச் சொல்லப்பட்டதைக் கேட்டும் மறுக்காமல் இருந்த நிபுணர் எந்த வகை? நம் கடை எடைக்கல்லைப் பக்கத்துக் கடைக்காரன் இரவல் வாங்கி, அடியைச் சுரண்டிக் குறைத்து நிறுப்பதை நாம் பார்த்தும் பேசாதிருந்தால், நாம் நிறுக்கவில்லை என்ற ஒரு சொல் போதுமா? சட்டத்துக்குப் போதுமாயிருக்கலாம்.

அந்தத் துறைத் தலைவரும் பின்னர் வேறு வழக்கில் விடுவிக்கப்பட்டார். இதுதான் நமக்கு ஒப்பவில்லை. நிபுணரை அழைத்து உண்மை என்னவென்று கேட்பது ஒன்று. இன்னதைச் சொல்லுங்கள் என்று அழைப்பது வேறு. பின்னதைச் செய்பவனிடம்தான் நிய்யத்து கெட்டிருக்கிறது. அவனைப் பிடிக்கும் சட்டம் எந்த நாட்டிலும் பலமாக இல்லை.

விஞ்ஞானத்தின் பேரால் போடும் சட்டம் சிறியவனை மட்டும் பிடிப்பதையும் கண்டோம். கொரோனாக் காலத்தில், 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ், நம் கடை வாசலில் சுவடி வைக்காததற்கும் இடைவெளி விடாததற்கும் தண்டம் கட்டினோர் அநேகர். 2021 மார்ச்சில் தனியாளுக்கு 10,000 ரிங்கிட், கம்பெனிக்கு 50,000 ரிங்கிட் வரை அது உயர்ந்தது. 2020 ஜூலையில் துருக்கியிலிருந்து திரும்பித் தனிமையில் இராமல் நாடாளுமன்றம் போன தோட்டத் தொழில் அமைச்சருக்கு 1,000 ரிங்கிட். அதற்கு மேல் நடவடிக்கை இல்லையென்று முடிந்தது. நோய் பரவும் விதம் பற்றிய விஞ்ஞானம் அமைச்சருக்கும் காப்பிக் கடைக்காரனுக்கும் ஒன்றேதான்.

அப்படியானால் ஒவ்வொரு சேதத்துக்கும் ஒருவனைக் கூண்டிலேற்றச் சொல்கிறோமா? இல்லை. அப்படிச் செய்தால் நிபுணர் ஒவ்வொரு தூறலுக்கும் ஊரைக் காலி பண்ணச் சொல்வார்; நான்காம் முறை ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். தவறான கணக்கைச் சட்டம் மன்னிக்கட்டும். கணக்கை மறைத்தவனை, வந்த எச்சரிக்கையைப் பெட்டியில் பூட்டியவனை, எச்சரித்தவன் மேல் வழக்குப் போட்டவனை மன்னிக்க வேண்டாம். இதைப் பிரித்தறிய ஒன்று வேண்டும்: சேதம் வருமுன்பே, யார் யாருக்கு என்ன சொன்னார் என்பது தேதியோடு எழுத்தில் இருக்க வேண்டும். எழுதாத கடன் கோர்ட்டில் நில்லாது என்பது நம்மவர்களுக்குத் தெரியும்.

ரிங்லெட் ஏரியில் சேறு வாரும் வேலை ஓய்ந்தபாடில்லை. ஒரு மாதத்தில் வாரியது எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு, நீர்மட்டம் எங்கே நிற்கிறது, எந்த மட்டத்தில் மதகு திறப்பார்கள், சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பவற்றைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதி, பெர்தாம் பள்ளத்தாக்குக் கடைத்தெருவிலும் தோட்ட லயங்களிலும் மாதந்தோறும் ஒட்டும்படி மாவட்ட அலுவலகத்துக்கு நம் சங்கத்தார் ஒரு மனுக் கொடுக்கலாம். ஒட்டுவதற்குச் சுவர் தர ரிங்லெட் கடைக்காரர்கள் சிலர் தயாராயிருக்கிறார்கள். அடுத்த பெருமழை அக்டோபரில் தொடங்கும். மனு அதற்கு முன் போய்ச் சேர்வது நல்லது.