கடுக்காய் மனிதர்கள்

'அவனுக்கு வாய்தான் சரியில்லை, மனசு தங்கம்!' எரிந்து விழுகிற ஆள் இருக்கும் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு சர்டிஃபிகேட் தயாராக இருக்கும். 'பலாப்பழம் மாதிரி... வெளியே மட்டும்தான் முள்' என்ற உவமையும் கூடவே வரும்.

'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' (1997) படத்தை மறுபடி பார்த்தபோது அந்தப் பலாப்பழம்தான் ஞாபகம் வந்தது. ஜாக் நிக்கல்சன் அதில் மெல்வின் என்ற எழுத்தாளர். எழுதிக் குவிப்பது காதல் நாவல்கள். ஆனால், பக்கத்து வீட்டு நாய்க்குட்டியைத் தூக்கிக் குப்பைக் குழாயில் போடுவார். ஓட்டலில் தன் வழக்கமான டேபிளில் யாராவது உட்கார்ந்திருந்தால், வாய்க்கு வந்ததைப் பேசி விரட்டுவார். அவரைச் சகித்துக்கொண்டு பரிமாறுகிற ஒரே ஆள், கரோல். அந்த வேடத்துக்காக ஹெலன் ஹன்ட்டுக்கும் ஆஸ்கர், நிக்கல்சனுக்கும் ஆஸ்கர். நாமும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிக்காமல் என்ன? நாம் தியேட்டர் சீட்டில்தானே இருந்தோம், அவர் டேபிளில் இல்லையே!

பி.காம். படித்த புத்தி, எதையும் பற்று-வரவு போட்டுத்தான் பார்க்கும். கரோலின் மகனுக்கு ஆஸ்துமா. அவனைக் கவனிக்க அவள் வேலைக்கு வராமல் இருக்க, மெல்வின் தன் செலவில் டாக்டரை அனுப்புகிறார். தங்க மனசா? அவள் வந்தால்தான் இவருக்குச் சோறு இறங்கும்! இதை வரவில் எழுத முடியாது. இத்தனை நாள் வெறுத்து ஒதுக்கிய மாத்திரையை அவளுக்காக அவரே விழுங்க ஆரம்பிக்கிறார் பாருங்கள், அதுதான் வரவு.

மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978) காளியும் இப்படித்தான். தங்கை கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றவன், கடைசியில் இன்ஜினீயரிடமே அவளைச் சேர்த்துவிடுகிறான். இப்பவும் உங்களைப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான்! ஆள் மாறவில்லை. பிடிவாதத்தின் விலையைத் தங்கை தலையில் கட்டாமல் தானே கொடுத்தான். அவ்வளவுதான், ஆனால் அது போதும்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் கல்வராயன் மலையில் கடுக்காய் விளைகிறது. சதை மருந்து, கொட்டை நஞ்சு; கொட்டையை நீக்கிவிட்டுத்தான் பொடிக்க வேண்டும் என்பது நாட்டு வைத்தியம். முரட்டு மனிதர்கள் பலாப்பழம் இல்லை சார், கடுக்காய்! கொட்டையை எடுப்பது யார் வேலை என்பதுதான் கேள்வி. 'ஒரு கல்யாணம் பண்ணிவெச்சா எல்லாம் சரியாயிடும்' என்று ஊரெல்லாம் பெண் தேடுகிறோமே, வரப்போகிறவள் மனுஷியா, மாத்திரையா?

அடுத்த தடவை 'மனசு தங்கம்' என்று யாராவது ஆரம்பித்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'அது சரி, மாத்திரையை விழுங்குவது யார்?'