மலக்குகளும் சம்மனசுகளும்

மக்தபில் ஓதும் ஏழு வயதுப் பிள்ளையிடம் ஈமானின் பர்ளுகள் எத்தனை என்று கேட்டால், ஆறு என்று தயங்காமல் சொல்லும். இரண்டாவது எது என்றால், மலக்குகளைக் கொண்டு ஈமான் கொள்வது என்னும். அல்லாஹ்வுக்கு அடுத்தபடியாக, வேதங்களுக்கும் ரஸூல்மார்களுக்கும் முன்னதாக வைத்து எண்ணப்படும் இந்நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. நம்மைச் சுற்றி வாழும் கிறிஸ்தவ மக்களுக்கும் உண்டு. ஆனால் அவர்கள் அதை எவ்விதம் நம்புகிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆலிம் என்று பெயர் படைத்த நமக்கே தெரியாதிருந்தது. தெரியாததோடு நின்றிருந்தால் பாதகமில்லை. தெரியாமலே பேசியும் விட்டோம்.

ஒரு ஜும்ஆ பயானில் ஷிர்க்கைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, பேச்சின் வேகத்தில், நஸாராக்கள் மலக்குகளையும் வணங்குகிறார்கள் என்று சொன்னோம். ஒலிபெருக்கி தெருமுனை வரை கேட்கும். மறுநாள் அஸருக்குப் பின், அடுத்த தெருவில் குடியிருக்கும் கத்தோலிக்க ஆசிரியர் ஒருவர் பள்ளிவாசல் முன்னால் வந்து நின்றார். ஓய்வு பெற்றவர். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள்.

"ஆலிம்சா, நேற்று நீங்கள் சொன்னது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? எனக்கு எழுபது வயதாகிறது. நான் சம்மனசை ஆராதித்ததில்லையே!" என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் நம்மை அதிகம் சுட்டது.

நம்மிடம் புத்தகம் எதுவும் இல்லை. கேள்விப்பட்டதைச் சொன்னோம் என்பதைத் தவிர வேறு பதிலும் இல்லை. காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்ற கருத்துள்ள ஹதீஸை எத்தனையோ முறை நாமே மிம்பரில் எடுத்துரைத்திருக்கிறோம். அன்று தொடங்கிச் சில மாதங்கள் அந்த வாத்தியாரின் திண்ணையில் அமர்ந்து கேட்டவற்றையும், தேடிப் படித்தவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சம்மனசு என்பது தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய வழக்கு. புராட்டஸ்டண்டுகள் தேவதூதன் என்பர். 1995-ல் வெளிவந்த திருவிவிலியம் வானதூதர் என்கிறது. கிரேக்க மொழியில் அங்கெலோஸ். ஹீப்ருவில் மல்ஆக், இது நம் அரபியின் மலக் என்பதன் உடன்பிறப்பு. எல்லாவற்றுக்கும் கருத்து ஒன்றே: தூது கொண்டு வருபவர். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் பிஷப்பாயிருந்த அகுஸ்தீன் (354–430), தூதர் என்பது அவர்கள் பார்க்கும் வேலையின் பெயரேயன்றி அவர்களுடைய இயல்பின் பெயரன்று என்று விளக்கினார். இயல்பால் அவர்கள் ஆவிகள்.

அவர்களும் படைப்பினமே, கடவுளின் பங்காளிகள் அல்லர். அவர்களுக்குத் திருமணமில்லை, மரணமில்லை. செத்துப்போன குழந்தை சம்மனசாகி விட்டது என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. ஆனால் அது திருச்சபையின் போதனையன்று. மனிதன் மலக்காக மாறுவதில்லை என்பதில் அவர்களும் நாமும் ஒன்றே. மலக்குகள் நூரிலிருந்து படைக்கப்பட்டவர்கள் என்று நம் ஹதீஸில் வருகிறது. அகுஸ்தீனும், படைப்பின் முதல் நாளில் உண்டான ஒளியில் வானதூதர்களும் அடங்குவர் என்றே கருதினார்.

இத்தாலியில் பிறந்த தாமஸ் அக்வினாஸ் (1225–1274) இன்னும் ஒரு படி மேலே போனார். அவர்களுக்குச் சடப்பொருள் அறவே கிடையாது என்றார். அதனால் ஒரு விந்தையான முடிவும் அவருக்குக் கிடைத்தது. இரண்டு மாங்கனிகள் ஓரினம். இரண்டு மனிதர்கள் ஓரினம். ஆனால் இரண்டு வானதூதர்கள் ஓரினம் அல்லர், ஒவ்வொருவரும் தனித்தனி இனம் என்பது அவர் கொள்கை. ஊசிமுனையில் எத்தனை தூதர்கள் நடனமாடலாம் என்று அக்காலத்து அறிஞர்கள் வாதாடிப் பொழுது போக்கினார்கள் என்று ஒரு கேலி உலவுகிறது. அது பிற்காலத்தார் கட்டிவிட்ட கேலி. பலர் ஒரே சமயத்தில் ஓரிடத்தில் இருக்க முடியுமா என்ற கேள்வியை மட்டும் அக்வினாஸ் எழுப்பி, முடியாது என்று விடை சொல்லியிருக்கிறார். பிறர் நூலைப் படிக்காமல் பழி சொல்லும் நோய் நமக்கு மட்டும் உரியதில்லை போலும்!

சேராபீன், கேரூபீன் என்று தொடங்கி ஒன்பது படித்தரங்களாக அவர்களை வகுக்கும் முறையொன்றும் உண்டு, கி.பி. 500-ஐ ஒட்டி தியோனீசியுஸ் என்ற பெயரில் ஒருவர் எழுதிவைத்தது. அதன் விவரம் நமக்கு இங்கே வேண்டியதில்லை.

இனி வணக்கத்தின் விஷயம். வாத்தியார் முதன்முதலில் நமக்குத் திறந்து காட்டியது அவர்களுடைய திருவெளிப்பாட்டின் கடைசிப் பக்கம். யோவான் என்பவர் காட்சியில் கண்ட தூதரின் காலடியில் விழப் போகிறார். தூதரோ அவரைத் தடுத்து, தாமும் அவரைப் போல் ஓர் ஊழியரே என்றும், வணங்க வேண்டியது கடவுளையே என்றும் சொல்கிறார். கொலோசை நகரத்தாருக்கு எழுதப்பட்ட நிருபத்திலும் மலக்கு வணக்கம் கண்டிக்கப்பட்டிருக்கிறது. அந்நகருக்குப் பக்கத்திலுள்ள லவோதிக்கேயாவில் 4-ஆம் நூற்றாண்டில் கூடிய சபை, தூதர்களைப் பெயர் சொல்லி அழைத்து ஒதுங்கிக் கூடுவோரைச் சபித்தது. திரும்பத் திரும்பத் தடுக்க வேண்டியிருந்தது என்றால் மக்களிடம் அப்பழக்கம் இருந்தது என்பதும் விளங்கும். பிற்காலத்தில் அதே கொலோசையை அடுத்த கோனே என்னும் ஊர், மிக்கேல் தூதரின் பேரால் யாத்திரைத் தலமாகவே ஆயிற்று.

கி.பி. 745-ல் ரோமாபுரியில் நடந்த ஒரு விசாரணை நம்மவர் அறிய வேண்டியது. ஆல்டெபெர்ட் என்பவர் ஊரியேல், ரகுவேல் என்று எட்டுத் தூதர்களின் பெயர்களைச் சொல்லி ஒரு ஜெபம் கட்டியிருந்தார். போப் சக்கரியாவின் தலைமையில் கூடிய சபை அதைக் கண்டித்தது. மிக்கேல், கபிரியேல், ரபேல் என்ற மூன்று பெயர்களே நமக்கு அறிவிக்கப்பட்டவை. மற்றவை ஷைத்தான்களின் பெயர்களாக இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னது. இதைப் படித்தபோது, தாயத்துத் தகட்டில் எந்தக் கித்தாபிலும் இல்லாத பெயர்களை எழுதி, இவை இன்னின்ன மலக்குகள் என்று சொல்லிக் காசு வாங்கும் நம் ஆட்கள் சிலருடைய முகங்கள் நம் கண் முன் வந்தன. அவர்களை விசாரிக்க ஒரு சபை கூடினால் நன்றாயிருக்கும்.

அந்த மூன்றிலும் ரபேலின் பெயர் தோபித்து என்ற நூலில்தான் வருகிறது. புராட்டஸ்டண்டுகள் அந்நூலை வேதத்தில் சேர்ப்பதில்லை; ஆகவே அவர்களுக்குப் பெயர் தெரிந்த நல்ல தூதர்கள் இருவரே. திருக்குர்ஆன் பெயர் சொல்லும் ஜிப்ரயீல், மீக்காயீல் (அலைஹிமஸ்ஸலாம்) ஆகிய இருவரும் அவர்களே. மர்யம் (அலை) அவர்களிடம் நற்செய்தி கொண்டு வந்தவர் கபிரியேல் என்பது அவர்களுடைய லூக்கா நூலிலும் உண்டு. மீக்காயீல் விஷயத்தில்தான் வேறுபாடு. நம் உலமாக்கள் மழைக்கும் ரிஸ்குக்கும் பொறுப்பாளர் என்று சொல்லும் அவரை, அவர்கள் வாளேந்திய படைத்தலைவராகச் சித்திரிக்கிறார்கள்.

இன்னொரு நம்பிக்கையும் அவர்களிடம் ஆழமாக உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு காவல் சம்மனசு இருப்பது. அக்டோபர் 2 அவர்களுக்குரிய திருநாள். வாத்தியார் சிறு வயதில் தாய் சொல்லிக் கொடுத்தபடி இன்றும் படுக்கைக்குப் போகுமுன் காவல் சம்மனசிடம் தம்மைக் காக்கும்படி கேட்டுக்கொள்கிறார். நம் முன்னும் பின்னும் அல்லாஹ்வின் கட்டளைப்படி காக்கும் மலக்குகள் உண்டென்று நாமும் நம்புகிறோம். ஆனால் அவர்களை அழைத்து உதவி கேட்பதில்லை. இது ஆராதனையன்று, ஒரு நண்பரிடம் எனக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்பது போன்றது என்பது அவர் விளக்கம். 787-ல் நிக்கேயாவில் கூடிய அவர்களுடைய மகாசபையும் கடவுளுக்குரிய ஆராதனை வேறு, மற்றோருக்குச் செய்யும் மரியாதை வேறு என்று பிரித்திருக்கிறது. நமக்கு அவ்விளக்கம் ஏற்புடையதன்று. துஆ என்பது இபாதத்தின் சாரம்; அதைக் காணாத ஒரு படைப்பை நோக்கித் திருப்புவது நமக்கு ஆகாது. இதை அவரிடம் மறைக்கவில்லை. புராட்டஸ்டண்டுகளும் இவ்விடத்தில் கத்தோலிக்கரோடு உடன்படுவதில்லை. ஆளுக்கொரு தூதர் உண்டா என்பதையே உறுதியாகச் சொல்லமாட்டேன் என்றார் கால்வின் (1509–1564). ஆனால் "அவர்கள் கேட்பது தவறு" என்று நாம் சொல்வதும், "அவர்கள் வணங்குகிறார்கள்" என்று சாட்டுவதும் ஒன்றல்லவே! அடுத்த ஜும்ஆவில் அதே மிம்பரில் நின்று, சென்ற வாரம் சொன்னது பிழை என்று அறிவித்தோம். வேதக்காரருக்கு ஏன் வக்காலத்து என்று ஜமாஅத்தில் ஒரு பெரியவர் நம்மிடம் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இனி வாத்தியார் நம்மைக் கேட்ட கேள்விக்கு வருவோம். அதுவே நம்மைப் பல இரவுகள் தூங்கவிடாதது.

"உங்கள் மலக்குகளுக்குத் தப்புச் செய்யவே முடியாது என்கிறீர்கள். செய்ய முடியாதவன் செய்யவில்லை என்றால் அதில் என்ன புகழ்? கடிகாரம் சரியாக ஓடினால் கடிகாரத்தையா பாராட்டுகிறோம்?"

மலக்குகள் கடிகாரம் அல்லர் என்றோம். ஆதம் (அலை) படைக்கப்படவிருந்தபோது, பூமியில் இரத்தம் சிந்துபவரையா படைக்கப் போகிறாய் என்று அவர்கள் கேட்டதைத் திருமறை சொல்கிறது. அறிவும் கேள்வியும் அவர்களுக்கு உண்டு. மாறு செய்யும் விருப்பம் மட்டும் இல்லை. இது சரியான பதில்தான். ஆயினும் நிறைவான பதிலாக நமக்கே படவில்லை.

கிறிஸ்தவக் கொள்கை வேறுவிதமாகச் செல்கிறது. தூதர்கள் அனைவரும் நல்லவராகவே படைக்கப்பட்டனர். தேர்ந்துகொள்ளும் உரிமையும் பெற்றனர். ஒரு சாரார் பெருமையால் விழுந்து பேய்களாயினர். 1215-ல் கூடிய லாத்தரன் மகாசபை, ஷைத்தான் இறைவனால் தீயவனாகப் படைக்கப்படவில்லை, தானே தீயவனானான் என்று தீர்மானித்தது. நல்லவனாகப் படைக்கப்பட்டவன் ஏன் கெட்டான் என்பதற்கு அகுஸ்தீன் காரணம் சொல்ல மறுத்துவிட்டார். தீய எண்ணத்துக்குக் காரணம் தேடுவது இருட்டைக் கண்ணால் பார்க்கவும் மௌனத்தைக் காதால் கேட்கவும் முயல்வது போன்றது என்பது அவர் கருத்து. அவருக்கும் முந்திய ஓரிஜன் என்ற எகிப்து நாட்டறிஞர், விழுந்தவர்களும் ஒருகால் திரும்பக்கூடும் என எண்ணினார். 553-ல் கான்ஸ்டான்டிநோபிள் மகாசபை அவர் பெயரைச் சபிக்கப்பட்டோர் வரிசையில் சேர்த்தது.

ஏன் அவர்கள் திரும்ப முடியாது? அக்வினாஸின் விடை நம்மை வியக்கச் செய்தது. மனிதன் ஒவ்வொன்றாக யோசித்து, இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக மனம் மாறுபவன். தூதரோ முழுவதையும் ஒரே பார்வையில் அறிபவர். ஆகவே ஒருமுறை தேர்ந்தது தேர்ந்ததுதான். நல்லதைத் தேர்ந்தவர் பேரின்பம் அடைந்தபின் பாவம் செய்யவே முடியாது. தீயதைத் தேர்ந்தவர் மீளவே முடியாது.

"அப்படியானால் வாத்தியாரையா, இன்று உங்கள் நல்ல சம்மனசுகளாலும் தப்புச் செய்ய முடியாதே! உங்கள் கடிகாரமும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?" என்றோம். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஒரே ஒரு கணம், ஆதியில் ஒரே ஒரு கணம், அதில்தான் அவர்களும் நாமும் பிரிகிறோம்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் மத்ரஸாவில் உஸ்தாத் நடத்திய அகாயித் பாடம் நமக்கு விளங்கியது. இமாம் உமர் நஸஃபி (ரஹ்) அவர்களின் கொள்கைச் சுருக்கத்தில், மனிதரில் ரஸூல்மார்கள் மலக்குகளில் ரஸூல்மார்களைவிட மேலானவர்கள் என்று வருகிறது. சாதாரண முஃமின்களுக்கும் சாதாரண மலக்குகளைவிட ஏற்றம் கொடுக்கப்பட்டிருக்கிறது. பரீட்சைக்காக அதை மனனம் செய்து ஒப்பித்தோமே தவிர, காலையில் பஜ்ருக்கு எழ மனமில்லாமல் புரளும் நமக்கு அந்த ஏற்றம் எப்படி என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அதற்கு விரிவுரை எழுதிய தஃப்தாஸானி (ரஹ்) காரணம் சொல்லியிருக்கிறார்: மனிதனுக்குப் பசி, இச்சை, கோபம் முதலிய தடைகள் உண்டு, அவற்றைத் தாண்டிச் செய்யும் வழிபாடு கடினமானது. உறக்கத்தில் புரள்வதே அந்த ஏற்றத்தின் வாசல்!

வாத்தியாரின் கேள்வி நியாயமானது. ஆனால் அது மலக்குகளிடம் கேட்க வேண்டியதன்று, நம்மிடம் கேட்க வேண்டியது. உமையாக்களின் அரசுப் பணியிலிருந்த குடும்பத்தில் பிறந்த திமிஷ்கு நகரத்து யோவான் என்ற கிறிஸ்தவ அறிஞர், மனிதருக்கு மரணம் எதுவோ அதுவே தூதருக்கு வீழ்ச்சி என்று எழுதினார். அதன் பின் தவ்பா இல்லை. அதற்கு முன்னே உண்டு என்பதுதானே மனிதனின் பாக்கியம்! உயிர் தொண்டைக்குழியை அடையும் வரை அடியானின் தவ்பா ஏற்கப்படும் என்று நாயகம் (ஸல்) அவர்களும் அறிவித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரு மாலை அவரிடம் சொன்னோம். இப்லீஸ் ஜின் இனத்தவன் என்று குர்ஆன் சொல்வதையும், அவன் முன்பு மலக்குகளில் ஒருவனாக இருந்தானா என்பதில் நம் முஃபஸ்ஸிர்களிடையே இருவிதக் கருத்து இருப்பதையும், அவன் ஒரு கணமும் மலக்காக இருந்ததில்லை என்று ஹஸன் பஸரீ (ரஹ்) சொன்னதையும் விளக்கினோம். அவர் வெகுநேரம் பேசாதிருந்தார்.

"ஆலிம்சா, ஒன்று கேட்கிறேன். அவன் மன்னிப்புக் கேட்டிருந்தால், உங்கள் வேதப்படி, கிடைத்திருக்குமா?"

கிடைத்திருக்கும் என்றோ கிடைத்திராது என்றோ சொல்ல நம்மிடம் ஆதாரமில்லை. இருப்பதைச் சொன்னோம். ஆதமும் ஹவ்வாவும் தவறிய உடனே, எங்களுக்கு நாங்களே அநியாயம் செய்துகொண்டோம் என்று அழுதார்கள். இப்லீஸோ கியாமத் நாள் வரை அவகாசம் கேட்டான், அதுவும் கிடைத்தது.

"அவகாசம் மட்டுமா கேட்டான்?"

"அவகாசம் மட்டும்தான்."

பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். நாம் எழுந்தோம்.