உங்கள் சான்றை நீங்களே எழுதாதீர்கள்

அமெரிக்காவில் பி.எச்டி. படிக்க விண்ணப்பிக்கப் போகிறவர்களே, பல துறைகளில் கடைசி நாள் டிசம்பர் 1 அல்லது 15. எம்.எஸ்.ஸுக்குக் கொஞ்சம் தாமதமாகலாம். எஸ்.ஓ.பி. என்னும் நோக்க அறிக்கையைத் திருத்தித் திருத்தி எழுதிவிட்டீர்கள், டிரான்ஸ்கிரிப்டுக்குப் பணம் கட்டியாயிற்று. மூன்று பரிந்துரைக் கடிதங்கள் மட்டும் ‘பார்த்துக்கலாம்’ என்று கிடக்கின்றன. அப்படியே விட்டால் கடைசி வாரத்தில் துறைத் தலைவர் அறை வாசலில் பென்டிரைவோடு நிற்பீர்கள். அங்கே என்ன நடக்கும் என்று நம் பொறியியல் கல்லூரிகளில் படித்த எவருக்கும் தெரியும்.

“சார், எல்.ஓ.ஆர். வேணும்.”

“நீயே டைப் பண்ணிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

சீனியர் கொடுத்த கடிதத்தில் பெயர் மாறுகிறது. கன்சல்டன்சிக்காரர் தன் பங்குக்கு நாலு பெயரடைகளைச் சேர்க்கிறார். எச்.ஓ.டி. பெயரில் ஒன்று, ப்ராஜெக்ட் கைடு பெயரில் ஒன்று, பிரின்சிபால் பெயரில் ஒன்று. பிரின்சிபால் அந்த மாணவரை ஆண்டு விழா மேடையில் பரிசு கொடுத்தபோது பார்த்ததோடு சரி. இன்னும் துணிந்தவர்கள் ஆசிரியர் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கைத் தொடங்கி, பல்கலைக்கழகம் அனுப்பும் இணைப்பைத் தாங்களே திறந்து, ‘நான் கண்ட மாணவர்களில் முதல் 5 சதவீதத்தில் ஒருவர்’ என்ற கட்டத்தில் தாங்களே டிக் அடித்துக்கொள்கிறார்கள்.

இது ஆள்மாறாட்டம். ‘எல்லாரும் செய்றாங்க’ என்பதால் அதன் பெயர் மாறிவிடாது. விண்ணப்பத்தை அனுப்பும்போது, இதிலுள்ளதெல்லாம் உண்மை என்று உறுதி கொடுக்கிறீர்கள். பொய் என்று தெரிந்தால் சேர்ந்த பிறகும் சேர்க்கையை ரத்து செய்யலாம். மாணவர் விசா அந்தச் சேர்க்கையை நம்பித்தான் இருக்கிறது. பிடிபடாமல் போனாலும் கணக்கு தீராது. மூன்று கடிதங்களிலும் ஒரே பெயரடை, ஒரே காற்புள்ளிப் பழக்கம், ஒரே இலக்கணப் பிழை இருந்தால், வாசிக்கிற பேராசிரியருக்கு ஒரே கை எழுதியது என்று புரிய எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த ஆண்டு அதே கல்லூரியிலிருந்து உண்மையான கடிதத்தோடு வரும் ஜூனியரின் பெயரும் சேர்ந்து கெடும்.

அப்படியானால் யாரிடம் கேட்பது? உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவரிடம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினியியல் பேராசிரியர் மோர் ஹார்ச்சால்-பால்டர், பி.எச்டி. விண்ணப்பதாரர்களுக்கென்று ஒரு வழிகாட்டி எழுதியிருக்கிறார். ‘வகுப்பில் நன்றாகப் படித்தார்’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லாத கடிதத்துக்கு மதிப்பே இல்லை என்பது அவர் கணக்கு. மதிப்பெண்தான் டிரான்ஸ்கிரிப்டிலேயே இருக்கிறதே! பெரிய பதவிக்காரரின் லெட்டர்பேடைத் தேடி அலையாதீர்கள். குடும்ப நண்பரான ஐ.ஏ.எஸ். அதிகாரியை விட்டுவிடுங்கள். ராத்திரி எட்டு மணிவரை லேபில் உங்களோடு உட்கார்ந்து, உங்கள் சிமுலேஷன் ஏன் தப்பான விடை தருகிறது என்று தேடிய உதவிப் பேராசிரியர் இருக்கிறாரே, அவரிடம் போங்கள். எந்தத் தவற்றை நீங்களே கண்டுபிடித்தீர்கள், எங்கே பிடிவாதம் பிடித்தீர்கள் என்று அவருக்குத்தான் தெரியும். வேலையில் இருப்பவர்கள் எம்.எஸ்.ஸுக்கு மேலாளரிடம் ஒரு கடிதம் வாங்கலாம். பி.எச்டி.க்கு, நீங்கள் ஆராய்ச்சி செய்வதைப் பார்த்தவர் சொல்லும் வார்த்தைதான் எடுபடும்.

கேட்கிற விதமும் உண்டு. “சார், என் வேலையைப் பற்றி அழுத்தமாக எழுத உங்களால் முடியுமா? முடியாதென்றால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு ஒருவரைக் கேட்கிறேன்” என்று கேளுங்கள். அவர் இழுத்தால் அதுதான் பதில். நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். ‘நீயே எழுதிட்டு வா’ என்றாலும் சண்டை வேண்டாம். “கடிதம் நீங்கள்தான் எழுத வேண்டும் சார், நினைவுக்குக் குறிப்பு தருகிறேன்” என்று ஒரு பக்கம் கொடுங்கள். எந்த செமஸ்டர், எந்தப் பாடம், ப்ராஜெக்டில் உங்கள் பங்கு எது, கூட்டாளியின் பங்கு எது, எது வேலை செய்யவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். புகழ்ச்சி ஒரு சொல்கூட வேண்டாம். அது அவர் பாடு. கூடவே ரெஸ்யூமே, எஸ்.ஓ.பி., பல்கலைக்கழகங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் கடைசி நாள். பத்து இடம் என்றால் அவர் பத்துப் படிவம் நிரப்ப வேண்டும். ஆறு வாரம் முன்னதாகக் கேட்பதுதான் மரியாதை. ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் முடிவு வந்த பிறகு.

படிவத்தில் இன்னொரு கேள்வி வரும். 1974-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, அங்கே சேர்ந்த மாணவர் தன் பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கக் கேட்கலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். விட்டுக்கொடுங்கள். என்ன எழுதியிருப்பாரோ என்று பயமாக இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த ஆள் சரியில்லை.

ஆசிரியப் பெருமக்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு வேலைப் பளு உண்டு, மறுக்கவில்லை. விடைத்தாள், நாக் (NAAC) தரமதிப்பீட்டுக் கோப்பு, அட்மிஷன் வேலை எல்லாம் உங்கள் தலையில்தான். ஆனால் எழுதாத கடிதத்தில் கையெழுத்திட்டால், இருபது வயதுப் பிள்ளைக்குப் பொய்ச் சான்று தயாரிக்க நீங்களே பயிற்சி கொடுக்கிறீர்கள். நேரமில்லை என்றால் ‘என்னால் முடியாதுப்பா’ என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். தெரியாத மாணவர் என்றால் தெரிந்த ஆசிரியரிடம் அனுப்புங்கள். எழுதுவதாக ஒப்புக்கொண்டால் அரைப் பக்கமானாலும் உங்கள் வாக்கியத்தில், கல்லூரி மின்னஞ்சலிலிருந்து போகட்டும்.

மாணவர்களே, இன்றே இரண்டு பேருக்காவது மின்னஞ்சல் போடுங்கள். மூன்றாமவர் யார் என்று தெரியவில்லை என்றால், உங்கள் ப்ராஜெக்ட் ரிவியூவில் கேள்விமேல் கேள்வி கேட்டுக் குடைந்தெடுத்தவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.