ஆளைப் பார்த்துக் குரைக்கும் நாய்

உங்கள் வீட்டு நாய் யார் யாரைப் பார்த்துக் குரைக்கிறது என்று எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? நாய் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நாயைக் கவனித்தாலும் போதும். ஒரு வாரம் ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். குறித்த பிறகு அந்த நோட்டை யாரிடமும் காட்ட உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். எனக்கு இருந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது அஞ்சுகிராமம். இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் திருநெல்வேலி மாவட்டம் வந்துவிடும். மயிலாடியில் கல் செதுக்கும் உளிச்சத்தத்தைக் கேட்டபடி பஸ்ஸில் வந்தால், கொஞ்ச நேரத்தில் பனைகளும் காற்றாலைகளுமாக ஊர் வந்துவிடும். ஆடி மாசக் காற்றில் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எனக்கு அவர் அண்ணாச்சி, அவர் மனைவி மைனி. இரண்டு பேரும் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கட்டுரை முடிவதற்குள் நீங்கள் அவர்களைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

மகனுக்கு பெங்களூரில் வேலை. போன வருஷம் ஒரு நாய்க்குட்டி வாங்கினான். டூடுல் என்று ஜாதிப் பெயர் சொன்னான். தாய் தகப்பனில் ஒன்று கோல்டன் ரெட்ரீவர், இன்னொன்று பூடில். காப்பித்தூள் நிறத்தில் சுருள் சுருளாக முடி, பொத்தான் மாதிரிக் கண். விலையைச் சொன்னால் உங்களுக்கு வேண்டாத பெருமூச்சு வரும். விட்டுவிடலாம். வாங்கிய பத்தாம் நாள் கம்பெனியில் வாரம் நாலு நாள் ஆபீஸுக்கு வந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாசக் குட்டி காரில் ஏறி அஞ்சுகிராமத்துக்கு வந்து சேர்ந்தது. பெயர் கோகோ. மீன்கார அம்மா வாயில் அது ‘கொக்கு’ ஆகிவிட்டது.

நான் போயிருந்தபோது கோகோவுக்கு ஒரு வயசு. உட்கார் என்றால் உட்காரும். கை கொடு என்றால் கொடுக்கும். பிஸ்கட்டை மூக்கு மேல் வைத்தால், சொல்லும்வரை தின்னாது. அண்ணாச்சி நாற்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்தவர் அல்லவா, பயிற்சி பிரமாதம். நான் பேன்ட் சட்டையோடு உள்ளே நுழைந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து முழங்காலில் முகத்தைத் தேய்த்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு மீன்கார அம்மா வந்தார். சின்னமுட்டத்தில் மீன் எடுத்து, தலைச்சுமையோடு தெருத்தெருவாக விற்கிறவர். அவர் கேட்டருகே வந்ததும் கோகோ குரைத்த குரைப்பு இருக்கிறதே... கம்பிக்கு இந்தப் பக்கம் எகிறி, பல்லைக் காட்டி, முதுகு முடி சிலிர்த்து. கை கொடுத்த நாயா இது? அரைமணி கழித்து தூய்மைப் பணியாளர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதே ஆர்ப்பாட்டம். சாயங்காலம் சைக்கிளில் அக்கானி கொண்டுவந்த பெரியவருக்கும் அதே மரியாதை. நடுவில் காரில் ஒரு வங்கி அதிகாரி வந்தார். முதல் தடவையாக வருகிறார். கோகோ வாலாட்டியது.

“நம்ம கோகோ ஆளைப் பாத்தாலே எடை போட்டுரும் பாத்துக்கிடுங்க” என்றார் அண்ணாச்சி.

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நாய்க்கு நல்லவன் கெட்டவன் தெரியும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அப்படியானால் தலையில் மீன் சுமக்கிறவர் கெட்டவரா? கடன் கொடுக்க வந்தவர் நல்லவரா? சிரிக்காதீர்கள். நாய் எதையுமே எடை போடவில்லை. அதற்குப் பணக்காரன் ஏழை தெரியாது. அது அறிந்தது, பழக்கமான உருவமும் பழக்கமில்லாத உருவமும்தான்.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊர். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூன்று பேர் நாய்க்குட்டிகளை உயரமான வேலி போட்ட ஒரு வெளியில் தாயோடு விட்டார்கள். சாப்பாடு வேலியில் ஒரு துவாரம் வழியாகப் போகும். மனித முகமே கண்ணில் படாது. சில குட்டிகளை மூன்றாவது வாரத்தில், சிலவற்றை ஐந்தாவதில், சிலவற்றை ஏழாவதில், ஒன்பதாவதில் என்று ஒரே ஒரு வாரம் மட்டும் வெளியே எடுத்து மனிதர்களோடு பழகவிட்டு, திரும்ப உள்ளே விட்டார்கள். மிச்சக் குட்டிகள் பதினாலு வாரம் வரை மனித வாசனையே இல்லாமல் வளர்ந்தன. கடைசியில் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தபோது, இடையில் ஒரு வாரம் பழகிய குட்டிகள் மனிதரிடம் வந்தன. ஏழாவது வாரத்தை ஒட்டிப் பழகியவை நன்றாகவே தேறின. பதினாலு வாரம் யாரையும் பார்க்காத குட்டிகளோ காட்டு மிருகம் மாதிரி மிரண்டன. 1961-ல் வந்த ஆராய்ச்சி இது. நாய்க்குட்டியின் மனசில் மூன்றாவது வாரம் திறக்கிற ஒரு கதவு, பன்னிரண்டு, பதினாலு வாரத்துக்குள் மெல்ல மூடிக்கொள்கிறது. அதற்குள் பார்த்ததெல்லாம் ‘நம்ம ஆள்’. பிறகு வருவதெல்லாம் ‘யார் இவன்?’

இனி கோகோவின் கணக்கைப் பார்ப்போம். இரண்டு மாசத்தில் வந்தது. தடுப்பூசி எல்லாம் முடிகிறவரை வெளியே விடாதீர்கள் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பார்வோ வைரஸ் வந்தால் குட்டி ரத்தமாகப் பேதியாகி மூன்று நாளில் போய்விடும். ஆனால் ஊசிக் கணக்கு முடிய நாலு மாசம் ஆகிறது. கதவோ மூன்றரை மாசத்தில் சாத்திக்கொள்கிறது! அதனால்தான் இப்போது பல நிபுணர்கள், முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும் குட்டியைத் தரையில் விடாமல் கையிலாவது தூக்கிக்கொண்டு போய் உலகத்தைக் காட்டுங்கள் என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு, சந்தை, கொட்டு மேளம், குடை பிடித்தவர், தாடி வைத்தவர், குழந்தை, கிழவி. எல்லாவற்றையும்.

அண்ணாச்சி வீட்டில் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆனால் வீட்டுக்கு ஆள் வராமலா இருந்தார்கள்? வந்தார்கள். மகனின் நண்பர்கள், சம்பந்தி வீட்டார், பழைய சக ஆசிரியர்கள், மைனியின் தங்கச்சி பிள்ளைகள். எல்லோரும் குட்டியைத் தூக்கிக் கொஞ்சினார்கள். மீன்கார அம்மா? அவர் வரும்போது மைனி சட்டியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போவார். அக்கானிக்காரருக்குச் செம்பு கம்பி வழியாகப் போகும். தூய்மைப் பணியாளர் வருவதற்கு முன்பே குப்பை வாளி வெளியே இருக்கும். யாரும் யாரையும் வராதே என்று சொன்னதில்லை. கூப்பிட்டதும் இல்லை. நம் வீடுகளில் வழக்கம் அப்படித்தானே?

நான் மீன்கார அம்மாவிடம், நாய் இப்படிப் பாய்கிறதே, பயமாக இல்லையா என்று கேட்டேன். அவர் சாளையை எண்ணிப் போட்டுக்கொண்டே சொன்னார்: “நான் இந்த வீட்டுக்கு இருவது வருசமா மீன் தாறேன் சாரே. என்னைக்காவது கேட்டத் தாண்டி உள்ள வந்திருக்கனா? பெறவு அதுக்கு எங்கள எப்பிடித் தெரியும்?”

கோபமாகச் சொல்லவில்லை. விலை சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மண்ணுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. திருவிதாங்கூர் ராஜ்ஜியமாக இருந்த காலத்தில் நாஞ்சில் நாட்டில் யார் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கு அளவு இருந்தது. அஞ்சுகிராமத்தில் இருந்து அதிக தூரமில்லாத சாமித்தோப்பில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அய்யா வைகுண்டர் எல்லா ஜாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்தார். முத்திரிக் கிணறு இன்றும் இருக்கிறது. சுசீந்திரம் கோயில் தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்பதற்காக 1926-ல் சத்தியாகிரகம் நடந்தது. கோயிலுக்குள்ளேயே போகலாம் என்று மகாராஜாவின் பிரகடனம் வர 1936 நவம்பர் ஆயிற்று. அடிக்கணக்குகள் எல்லாம் சட்டப்படி போய்விட்டன. ஆனால் பெங்களூரில் பிறந்து இரண்டு மாசத்தில் வந்த ஒரு குட்டி, யாரும் சொல்லிக்கொடுக்காமல், யார் எத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்று எங்கே கற்றது?

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தலையில் கூடை வைத்தால் மனித உருவமே மாறிவிடுகிறது. கூடையின் வாடை வேறு. குப்பை வண்டியில் கடகடச் சத்தம். பழகாத நாய் மிரளத்தான் செய்யும். அதோடு, நாய் சந்தேகம் வந்தால் எஜமானின் முகத்தைப் பார்க்கும். இத்தாலியில் ஒரு மின்விசிறியில் ரிப்பன்களைக் கட்டிப் படபடவென்று ஓடவிட்டுச் சோதித்தார்கள். பெரும்பாலான நாய்கள் விசிறியைப் பார்த்து, திரும்பி வளர்ப்பவரைப் பார்த்தன. அவர் முகம் மலர்ந்தால் ஒரு மாதிரி, சுளித்தால் ஒரு மாதிரி நடந்துகொண்டன. மீன்கார அம்மா வரும்போது நம் முகம் எப்படி இருக்கிறது? வங்கி அதிகாரி வரும்போது எப்படி இருக்கிறது? கண்ணாடி பார்த்துக்கொண்டு யாரும் கேட்டுக்குப் போவதில்லை.

இங்கேதான் எனக்குக் கேள்வி. செய்த தப்புக்கு மனிதன் பொறுப்பு. சரி. செய்யாமல் விட்டதற்கு? அண்ணாச்சி யாரையும் ஒரு சொல் சுடச் சொன்னவர் இல்லை. அவர் செய்யாதது ஒன்றே ஒன்றுதான்: சரியான அந்த ஆறேழு வாரத்தில் சிலரை உள்ளே கூப்பிடவில்லை. அதற்கு முந்தைய இருபது வருஷத்திலும் கூப்பிடவில்லை. அதைத் தப்பு என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்ல முடியாது. ஆனால் விளைவு பல்லோடு கேட்டருகே நிற்கிறது.

அந்த நாய் இனத்தின் கதையே இதற்குப் பொருத்தமாக இருப்பதைப் பாருங்கள். ஹவாய் தீவில் பார்வை இல்லாத ஒரு பெண்மணி. கணவருக்கு நாய் முடி ஒவ்வாமை. ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய்ச் சங்கத்துக்கு எழுதினார். அங்கே வேலை பார்த்த வாலி கான்ரன், 1989-ல் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். மூன்று குட்டிகள். முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில் ஒன்று மட்டும் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. மிச்சக் குட்டிகளையும் வழிகாட்டி வேலைக்கு ஆளாக்க வேண்டும். அப்படிப்பட்ட குட்டிகளைக் குடும்பங்களில் விட்டு வளர்ப்பார்கள். கடைத்தெரு, ரயில், கூட்டம் எல்லாம் பழக்குவதற்கு. ஆனால் கலப்பு நாயா, எங்களுக்கு வேண்டாம் என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். கான்ரன் ஒரு தந்திரம் செய்தார். ‘லாப்ரடூடுல்’ என்று ஒரு புதுப்பெயர் சூட்டி விளம்பரப்படுத்தச் சொன்னார். அவ்வளவுதான், போன் மணி ஓயவில்லை! குட்டி அதே குட்டி. பெயர் மாறியதும் கதவு திறந்தது. பிற்காலத்தில் அதற்காகவே அவர் வருத்தப்பட்டார். பெயருக்காக வாங்கிப் பணத்துக்காக வளர்க்கிற கூட்டம் பெருகிவிட்டதே என்று. (ஒவ்வாமை வராத நாய் என்பதும் முழு உண்மை இல்லை. 2012-ல் நெதர்லாந்தில் அளந்து பார்த்ததில் இந்த இனத்தில் ஒவ்வாமைப் பொருள் குறைவாக இல்லை. வாங்கப் போகிறவர்கள் கவனிக்க.)

மறுநாள் அஞ்சுகிராமம் சந்திப்பில் டீ குடிக்கப் போனேன். பெஞ்சுக்கு அடியில் ஒரு செவலை நாட்டு நாய். வள்ளியூர் பஸ் அதன் காதருகே ஹாரன் அடித்தது. கண்ணைத் திறக்கவில்லை. மீன்கூடை, ஹெல்மெட், காவி வேட்டி, பர்தா, பள்ளிக்கூடப் பையன்கள், குடித்துவிட்டு உளறுகிறவர்... ஒருவருக்கும் அது குரைக்கவில்லை. குட்டியிலிருந்தே அந்தச் சந்திப்பில்தான் கிடக்கிறது என்றார் கடைக்காரர். தெருநாயைப் புகழ்ந்து பாடுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். அதற்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று நானும் விசாரித்தேன். கடைக்காரர் வடையை எடுக்கப் போய்விட்டார்.

வளர்ந்த நாய்க்கு இனி வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் மெதுவாக. மருத்துவரே வழி சொன்னார். நாய் பார்க்கும், ஆனால் குரைக்காது என்கிற தூரத்தில் அந்த ஆள் நிற்க வேண்டும். அப்போது நாய்க்குப் பிடித்த தீனி. நாளுக்கு நாள் தூரத்தைக் குறைக்க வேண்டும். திட்டவோ அடக்கவோ கூடாது. கடைசியில் அந்த ஆள் உள்ளே வந்து சாவகாசமாக உட்கார வேண்டும். வீட்டார் அவரோடு சிரித்துப் பேச வேண்டும்.

முதல் பகுதி அண்ணாச்சிக்குச் சுலபம். அளவுகோல் வைத்து அடி அடியாகக் குறைத்துவிடுவார். கடைசிப் பகுதியைக் கேட்டதும் மைனியும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீன்கார அம்மாவோ, “ஒரு நாயிக்காவ நான் இங்க இருந்தா மீனு கெட்டுப்போவும்” என்றார். அதுவும் நியாயம்தான். அவருடைய நேரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? நாம் வளர்த்த குறைக்கு அவர் ஏன் வேலை பார்க்க வேண்டும்? கடைசியில் இரண்டு கிலோ மீன் தினமும் இந்த வீட்டிலேயே எடுத்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். என் முன்னால்தான் பேச்சு நடந்தது.

இரண்டு மாசம் கழித்து அண்ணாச்சி போன் செய்தார். மீன்கார அம்மாவைப் பார்த்து இப்போது கோகோ குரைப்பதில்லையாம். வராந்தா நாற்காலியில் அவர் உட்கார்ந்தால், காலடியில் படுத்துக்கொள்கிறதாம். கூடையில் ஒரு கண் வைத்துக்கொண்டுதான்! அவருடைய மகள் நர்ஸிங் படிக்கிறாள் என்பது இருபது வருஷத்தில் இப்போதுதான் தெரிந்ததாம்.

“மத்தவங்க?” என்றேன்.

“அக்கானிக்காரருக்கு இன்னும் குலைக்கத்தான் செய்யுது. அவரையும் கூப்பிட்டு இருத்தணும்னு டாக்டர் சொல்லுகாரு. குப்பை எடுக்க வாறவரையும்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஒரு நாய்க்காக ஊரையே உள்ள விடணுமான்னு உங்க மைனி கேக்கா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்ல? இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கேன்” என்றார். “வியாழக்கிழமை வாரேன்னிருக்காரு.”