சொன்னபடி எழுதுதல்

மயிலாப்பூரில் காமராஜர் சாலையில் தடய அறிவியல் துறையின் கட்டடம் இருக்கிறது. 1849இல் சென்னை மாகாணத்தில் இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய ஒன்றின் வாரிசு அது. பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்த பஞ்சுக்குச்சிகளும் அவள் உடுத்தியிருந்த துணிகளும் உறையிலிடப்பட்டு, முத்திரை வைக்கப்பட்டு, இப்படியான இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. அந்த உறை ஒட்டப்படுவதற்கு முன்னால் ஒரு அறையில் ஒரு பெண் படுத்திருந்தாள், பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். அந்த நர்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. வெள்ளை உடையைத் தாண்டி அவளைப் பார்த்த எழுத்து நம்மிடம் குறைவு.

அந்த அறையில் ஒரே உடம்பின்மீது இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. வந்தவள் முதலில் கேட்பது குளிக்கத் தண்ணீர். தடயம் சேகரிக்கிறவருக்கு அந்த உடம்பு குற்றம் நடந்த இடம். கழுவாதே, துடைக்காதே என்கிறார். தடயத்துக்கு 96 மணி நேரம் வரை கெடு, எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். யாருக்காக இந்த அவசரம்? மருந்து அவளுக்காக. தடயம் முதலில் அரசுக்காக, பிறகுதான் (வழக்கு நின்றால்) அவளுக்காக.

அப்படியானால் இரண்டு வேலையையும் இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுத்துவிடலாமே என்பது சுலபமான பதில். மந்தைவெளியில் எங்கள் தெருவில் இருக்கும், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “கையைப் பிடிச்சுக்க ஒரு ஆள், குச்சியைப் பிடிக்க ஒரு ஆள்னு வச்சா, குச்சியைப் பிடிக்கிற ஆளுக்கு மனுஷத்தன்மை மரத்துப்போயிடும் தம்பி” என்றார். இதைவிடச் சரியான விடையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. 1976இல் மெம்ஃபிஸிலும் மறு வருஷம் மினியாபொலிஸிலும் நர்ஸ்களையே இந்தப் பரிசோதனைக்குப் பயிற்றுவிக்கத் தொடங்கியதன் பின்னாலும் இப்படி ஒரு அனுபவம் இருந்திருக்க வேண்டும். நம் சட்டத்தில் பரிசோதனை செய்து கையெழுத்திடும் அதிகாரம் பதிவுபெற்ற மருத்துவருக்குத்தான். நர்ஸ் உடன் நிற்கிறாள்.

இங்கே முக்கியமானது எழுத்து. உடம்பைப் பார்த்து என்ன எழுதலாம், எதை எழுதக்கூடாது?

தேசாய்கஞ்ச் போலீஸ் ஸ்டேஷனில் 1972இல் நடந்த கொடுமையில் மதுராவின் உடம்பில் காயம் இல்லை என்பதிலிருந்து அவள் சம்மதித்தாள் என்ற இடத்துக்கு 1978இல் உச்ச நீதிமன்றம் போய்ச் சேர்ந்தது. மறு வருஷம் நான்கு சட்டப் பேராசிரியர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 1983இல் சட்டம் கொஞ்சம் மாறியது. ஆனால் ஆஸ்பத்திரிக் குறிப்பில் ‘பழக்கப்பட்டவள்’ என்ற சொல் மாறவில்லை. இரண்டு விரல் சோதனை என்ற அவமானத்தின் முடிவாக எழுதப்பட்ட சொல் அது. ஒரு பெண்ணின் கடந்தகாலம் முழுவதையும் இரண்டு விரலால் வாசித்துவிட்டதாக நம்பிய மொழி! 2013இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது, 2014இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் விலக்கியது. அப்படியும் 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மறுபடி தடை செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. அதே வருஷம் அக்டோபரில், இனி அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்றது உச்ச நீதிமன்றம். ஒரு சொல்லை ஒழிக்க எத்தனை தீர்ப்பு.

அந்த 2014 வழிகாட்டுதலை எழுதுகிறவர்கள் படிக்க வேண்டும் என்பேன். அவள் சொன்னதை அவளுடைய வார்த்தைகளிலேயே எழுது என்கிறது. பலாத்காரம் நடந்ததா இல்லையா என்று தீர்ப்பு எழுதாதே, அது சட்டத்தின் சொல் என்கிறது. காயமில்லை என்பதற்கு இணங்கினாள் என்று அர்த்தமில்லை என்கிறது. பரிசோதனையை முழுசாகவோ பாதியிலோ அவள் மறுக்கலாம். மறுத்தாலும் சிகிச்சை உண்டு. இந்தக் கடைசி விதியில்தான் சாரம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ‘இங்கே தொடலாமா’ என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு, ‘வேண்டாம்’ என்றால் கையை எடுத்துக்கொள்கிற நர்ஸ், சில மணி நேரத்துக்கு முன் மிதிக்கப்பட்ட அதே மறுப்புக்கு மறுபடி அர்த்தம் உண்டாக்குகிறாள். அதனால் ஒரு தடயம் போனால் போகட்டும். காயத்தை உவமையாக்கி அடுத்த வரிக்குப் போய்விடுகிற நம் கவிதைகளுக்கு இந்தப் பொறுமை கிடையாது.

எழுத்து எதிராகத் திரும்புவதையும் பார்த்தோம். 2024 டிசம்பரில் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு நடந்த கொடுமையின் முதல் தகவல் அறிக்கை, அவரை அடையாளம் காட்டும் விவரங்களோடு வெளியே கசிந்து, அடையாறிலிருந்து தியாகராய நகர் வரை கையில் போன் உள்ளவர்களிடமெல்லாம் சுற்றியது. அறிக்கையின் மொழியே அவரைக் குற்றம் சொல்வதாக இருந்ததை உயர் நீதிமன்றம் கண்டித்து, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது.

எழுதாமல் விட்டதும் உண்டு. பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியின் நர்ஸ் அருணா ஷான்பாக் 1973 நவம்பர் 27 அன்று தாக்கப்பட்டார். தாக்கியவன் தண்டிக்கப்பட்டது கொள்ளைக்கும் கொலை முயற்சிக்கும்தான். பாலியல் கொடுமை குற்றச்சாட்டில் இடம்பெறவே இல்லை. நினைவு திரும்பாத அவரை அந்த ஆஸ்பத்திரியின் நர்ஸ்கள், தலைமுறை மாறி மாறி, 2015 மே 18 வரை குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள். அவரைச் சாக விடலாமா என்ற வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம், அவர் சார்பில் பேசும் உரிமை மனுப்போட்ட எழுத்தாளருக்கு இல்லை, அந்த ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கே என்று சொன்னது. அதற்கு நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஆதாரம், அத்தனை வருஷம் இரவும் பகலும் அவரைப் பார்த்துக்கொண்டது.